சத்திரசிகிச்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது: தலவாக்கலையிலிருந்து கேட்ட தங்கச்சிக்கு

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 36, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. ஐந்து வருடமாக நீரிழிவு. பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். முழங்கால் வலியால் ஒரு பாடநேரம் முழுக்க நிற்க முடியவில்லை. எடை குறைக்கும் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று கிளினிக்கில் சொல்லி கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் திகதி கிடைக்கும் போலிருக்கிறது. மாமியார், "வயித்த வெட்டிட்டு வந்து படுத்துக்கிட்டா புள்ளைகள யாரு பாக்குறது" என்கிறார். கணவர் ஒன்றும் பேசுவதில்லை. "எப்படித் தயாராவது அக்கா, யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது?" என்பதுதான் கேள்வி.

நான் 26 வருடம் சர்ஜிக்கல் வார்டுகளில் தாதியாக வேலை செய்தவள். என் தம்பிக்கு ஆறு வருடத்துக்கு முன் இதே சத்திரசிகிச்சை நடந்தது. நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன், அப்போது 134 கிலோ. வார்டில் கற்றதைவிட அவனோடு வீட்டில் இருந்து கற்றதுதான் அதிகம். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தங்கச்சி, ஒபரேஷன் மேசையில் நீங்கள் இருக்கப்போவது ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். அங்கே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமில்லை, மயக்கத்தில் இருப்பீர்கள். உங்கள் வேலை எல்லாம் உங்கள் குசினியில்தான். அதனால் அதற்குப் பிறகு எப்படிச் சாப்பிட வேண்டுமோ, எப்படிக் குடிக்க வேண்டுமோ, வீட்டில் எப்படிப் பேச வேண்டுமோ, அதையெல்லாம் இந்த மூன்று மாதத்திலேயே ஒத்திகை பாருங்கள். வெட்டிய வயிற்றோடு புதுப் பழக்கம் பழகுவது கஷ்டம். நல்ல வயிற்றோடு பழகுவது அவ்வளவு கஷ்டமில்லை.

பயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 46 வருகிறது. இதைத்தான் பிஎம்ஐ என்பார்கள். 2022இல் அமெரிக்காவின் ஒரு சத்திரசிகிச்சைச் சங்கமும் உலக அளவிலான ஒரு சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலில், இந்த எண் 35ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று இருக்கிறது. நம்மைப் போன்ற ஆசியர்களின் உடம்பில் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், நமக்கு 27.5 என்ற எல்லையையே சொல்கிறார்கள். ஆகவே இது சோம்பேறித்தனத்துக்குக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சுவீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. அனுபவமுள்ள இடங்களில் இந்தச் சத்திரசிகிச்சையால் உயிர் போகும் ஆபத்து ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான். பித்தப்பை எடுக்கும் ஒபரேஷனோடு ஒப்பிடக்கூடியது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தையல் போட்ட இடம் கசியலாம், இரத்தம் கசியலாம், காலில் இரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறலாம். ஆனால் 46 என்ற எண்ணோடும் சீனி வருத்தத்தோடும் இன்னும் இருபது வருடம் இப்படியே இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எந்த வகைச் சத்திரசிகிச்சை என்பதை சர்ஜன் தீர்மானிப்பார். 'ஸ்லீவ்' என்பதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய், ஒரு சின்னத் தேத்தண்ணிக் கிளாஸ் கொள்ளுமளவு. வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகம் சுரக்கிறது. அதனால் பசியே குறைந்துபோகும். 'பைபாஸ்' என்பதில் சின்னப் பை ஒன்றைச் செய்து குடலோடு நேரே இணைப்பார்கள். நீரிழிவுக்கும் கடுமையான நெஞ்செரிச்சலுக்கும் பைபாஸ் கூடுதலாக உதவும். ஸ்லீவ் சிலருக்கு நெஞ்செரிச்சலை அதிகமாக்கும். உங்களுக்குப் புளித்த ஏப்பம், இரவில் நெஞ்செரிச்சல் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், முடிவே மாறலாம்.

அப்புறம் பரிசோதனைகள். ஒவ்வொன்றுக்கும் கொழும்புக்கு ஓடாதீர்கள். இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, வயிற்று ஸ்கேன் போன்றவற்றில் எதை நுவரெலியாவிலோ கண்டியிலோ செய்யலாம் என்று கடிதம் தரும்போதே கேட்டு எழுதிவாங்குங்கள். ஸ்கேனில் பித்தக்கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் வேகமாக மெலியும்போது பித்தக்கல் உண்டாகும். வாய் வழியே கமராக் குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண், ஹெலிகோபெக்டர் என்ற கிருமி பார்ப்பார்கள். மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி பல இடங்களில் 8க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். அதற்கு மேலே போனால் திகதியைத் தள்ளிவிடக்கூடும். இரும்புச்சத்து, பி12, விட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நம்முடைய மலையகப் பெண்களுக்கு இரத்தச்சோகை புதிதல்ல. குறைந்த இரத்தத்தோடு மேசைக்குப் போவதைவிட இப்போதே மாத்திரை எடுத்து ஏற்றிக்கொண்டு போவது நல்லது.

கணவரிடம் ஒன்று கேளுங்கள்: தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறேனா, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு இழுக்கிறேனா? ஆம் என்றால் அது டொக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறவருக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தனிக் கவனம் வேண்டும். சிலருக்கு சிபெப் என்ற மூச்சு இயந்திரத்தை முன்கூட்டியே பழக்குவார்கள். பேசாத கணவருக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இது. இரவில் விழித்திருந்து கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போனில் பதிந்துகொண்டு வந்து காட்டினால் இன்னும் நல்லது.

மனநல வைத்தியரைப் பார்க்கச் சொன்னால் அதிர்ந்துபோகாதீர்கள். பைத்தியம் என்று நினைத்து அனுப்புவதில்லை. கவலை வந்தால் சாப்பிடுகிறவரா, யாரும் இல்லாத நேரம் கட்டுப்பாடின்றிச் சாப்பிடும் பழக்கம் உண்டா என்று பார்ப்பதற்குத்தான். இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை வயிற்றைச் சுருக்கும், கவலையைச் சுருக்காது. மறைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் இரண்டு வருடத்தில் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமுமாக எடையைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறார்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்மதப் பத்திரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டப்பட்டால், விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. தமிழ் பேசும் தாதியோ டொக்டரோ பெரும்பாலும் பக்கத்து வார்டிலாவது இருப்பார்கள். இல்லாவிட்டால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான்கு கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வகை, ஏன் அது, எத்தனை நாள் வார்டில், வீட்டுக்குப் போன பிறகு சிக்கல் வந்தால் எந்த நம்பருக்கு எடுப்பது. கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்காமல் வராதீர்கள்.

இனி ஒத்திகை. நம் வீடுகளில் இதைத் தேத்தண்ணியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நம் வீட்டுக் கணக்கில் காலையில் எழும்பியதும் ஒன்று, பாடசாலைக்கு முன் ஒன்று, இடைவேளையில் ஒன்று, வந்ததும் ஒன்று, விருந்தாள் வந்தால் ஒன்று, இரவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றாலே ஆறு தேத்தண்ணியில் ஏறக்குறைய 50 கிராம் சீனி, 200 கலோரி. பால்மாவும் போட்டால் அதற்கு மேல். அதோடு ஒரு பணிஸ். ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். ஒரு மாதத்தில் சீனியில்லாத வெறுந்தேத்தண்ணி நாக்குக்குப் பழகிவிடும். நல்ல கொழுந்தில் போட்ட சாயத்துக்குச் சீனி இல்லாமலே ஒரு ருசி இருக்கிறது. தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தும் அதை நான் ஐம்பது வயதில்தான் கண்டேன்.

தேத்தண்ணியில் இன்னொரு சிக்கல் உண்டு. சாயத்தில் இருக்கும் பொருட்கள் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். சாப்பிட்ட கையோடு சாயம் குடிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சாப்பாட்டின் அளவும் குறைந்து, இரும்பை உறிஞ்சுவதும் குறைந்துவிடும். அதோடு சாயமும் சேர்ந்தால் இரத்தம் விறுவிறுவென இறங்கும். ஆகவே சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலமாவது முன்னும் பின்னும் தேத்தண்ணி வேண்டாம். இதை இன்றே தொடங்கலாம்.

இனி சாப்பிடும் விதம். பிறகு உங்களால் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க முடியாது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்கலாம். மடக் மடக்கென்று குடிக்கவும் முடியாது, மிடறு மிடறாகத்தான். ஆனால் நாளொன்றுக்கு ஒன்றரை லீட்டருக்குக் குறையக்கூடாது. நுவரெலியாக் குளிரில் நமக்குத் தாகமே எடுக்காது என்பதால் இது லேசான வேலையல்ல. ஒரு போத்தலில் கோடு போட்டு, பத்து மணிக்கு இந்தக் கோடு, பன்னிரண்டுக்கு அந்தக் கோடு என்று வகுப்பு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சூடான தண்ணீரே போதும். சோடா வகை எல்லாவற்றையும் இப்போதே விட்டுவிடுங்கள்.

பெரிய பீங்கானை எடுத்துவைத்துவிட்டுச் சின்னத் தட்டில் சாப்பிடுங்கள். ஒவ்வொரு வாயையும் இருபது தரமாவது மெல்லுங்கள். இருபது, முப்பது நிமிடம் எடுங்கள். டீச்சர்மாருக்கு இது ரொம்பக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிட இடைவேளையில் ரொட்டியை விழுங்கிவிட்டு ஓடித்தான் பழக்கம். கோதுமை மா ரொட்டியும் பாணும் புது வயிற்றில் மாவாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். தம்பிக்கு மூன்றாவது மாதத்தில் ஒரு துண்டு ரொட்டி அடைத்து, அரை மணித்தியாலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

தட்டில் முதலில் கை போக வேண்டியது புரதத்துக்கு. பிறகு மரக்கறி. சோறு கடைசியில், இடமிருந்தால். சத்திரசிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், முடியும் கொட்டும். இதற்கு வெளிநாட்டு மாவு டின்தான் வேண்டும் என்றில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். உள்ளங்கையளவு மீன் துண்டில் 20 கிராம். அரைக் கோப்பை கெட்டியான பருப்பில் 8 கிராம் அளவு. 30 கிராம் காய்ந்த சோயா மீட்டில் 15 கிராம். பயறு, கௌபி, கடலை, சீனி போடாத தயிர், நெத்தலி எல்லாம் நம் கடைகளில் கிடைப்பவைதான். நெத்தலிக் கருவாட்டை மட்டும் நன்றாக ஊறவைத்து உப்பைக் கழித்து எடுங்கள், உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது. முதல் வாரங்களில் எல்லாமே தண்ணீராக இருக்க வேண்டியிருக்கும்போது புரத மாவு தேவைப்படலாம். அதை டயட்டீஷியன் சொல்லும் அளவில் வாங்கலாம்.

திகதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு கடுமையான உணவுத் திட்டம் தருவார்கள். ஒரு நாளுக்கு 800 முதல் 1000 கலோரிதான் இருக்கும். சோறு, ரொட்டி, பாண், கிழங்கு, சீனி, எண்ணெயில் பொரித்தது எதுவும் இருக்காது. இது எடை குறைய மட்டும் என்று நினைத்துப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். உண்மையான காரணம் ஈரல். ஈரலின் இடது பாகம் இரைப்பையின் மேலே போர்வை போலக் கிடக்கிறது. எடை கூடியவர்களுக்கு அதில் கொழுப்புப் படிந்து பெருத்திருக்கும். சின்னத் துளைகள் வழியே கமராவை விட்டுச் செய்யும் ஒபரேஷனில் சர்ஜன் அந்த ஈரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையைத் தொட முடியும். பெருத்த ஈரல் கிழிந்தால் இரத்தம் கொட்டும். இரண்டு வாரம் மாச்சத்தையும் கொழுப்பையும் நிறுத்தினால் ஈரல் சுருங்கிக் கொடுக்கும்.

என் தம்பி அந்த இரண்டு வாரத்தில் இரண்டு இரவு கொத்து ரொட்டி சாப்பிட்டான். லொறிக்காரன், வழியில் கடை, கூட்டாளிகள் "இனிமே எப்படியும் சாப்பிட ஏலாதே, கடைசித் தரம் சாப்பிடு" என்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஈரல் பெருத்திருந்ததால் அரை மணித்தியாலம் கூடுதலாகப் போராட வேண்டியிருந்தது என்று சர்ஜன் பிறகு எங்களிடம் சொன்னார். அந்த அரை மணித்தியாலம் நான் வெளியே வாங்கில் இருந்தேன். 26 வருடம் எத்தனையோ பேரின் உறவுகளுக்கு "பயப்படாதீங்க" என்று சொன்னவள், அன்று கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த "கடைசித் தரம்" என்ற வார்த்தையை உங்கள் வீட்டில் யாரும் சொல்லவிடாதீர்கள். எந்தச் சாப்பாடும் கடைசிச் சாப்பாடு இல்லை. ஒரு வருடம் கழித்து கொத்திலும் இரண்டு வாய் சாப்பிடுவீர்கள்.

இங்கே முக்கியமான ஓர் எச்சரிக்கை. சோறும் சீனியும் குறைந்த அன்றே, பழைய அளவு இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். திட்டம் தொடங்குவதற்கு முன்பே மருந்தின் அளவை எப்படிக் குறைப்பது என்று கிளினிக்கில் எழுதி வாங்குங்கள். பிரஷர் மாத்திரைக்கும் அப்படியே. கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். ஈஸ்ட்ரஜன் உள்ள மாத்திரை இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் என்பதால் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். முழங்கால் வலிக்கு நீங்கள் டைக்குளோபெனக்கோ புரூபனோ போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பைபாஸுக்குப் பிறகு அவை இணைப்பில் புண் உண்டாக்கும், ஸ்லீவுக்கும் நல்லதல்ல. வேறு என்ன போடலாம் என்று இப்போதே கேட்டு வையுங்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால், நீங்களே வெற்றிலையோடு புகையிலை போட்டால், அதையும் நிறுத்த வேண்டும். ஆறு வாரமாவது முன்பே. புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் தையல் ஆறுவதைக் கெடுக்கும்.

நடையும் வேண்டும். தோட்டப் பாதை எல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். முழங்காலுக்கு இறக்கம் அதிக வேதனை. சமதரையான இடம் பார்த்து, பாடசாலை மைதானமே போதும், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள ஒரு சின்னக் கருவி தருவார்கள். அதைத் தினமும் செய்தால் ஒபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டாது.

இப்போது துணைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையமே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

மாமியாரை எதிரியாக வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, தங்கச்சி. ஒரே குசினி. அவருடைய சொல்லைக் கவனித்துப் பாருங்கள். "செய்யாதே" என்று அவர் சொல்லவில்லை. "பிள்ளைகளை யார் பார்ப்பது" என்றுதான் கேட்டிருக்கிறார். அது எதிர்ப்பு இல்லை, பயம். பயத்துக்குப் பதில் சொல்லலாம். எத்தனை நாள் நீங்கள் இருக்கமாட்டீர்கள், எத்தனை வாரம் பாரம் தூக்கக்கூடாது, அந்த நாட்களில் பிள்ளைகளை யார் பாடசாலைக்கு அனுப்புவது என்பதை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். ஒரு நாள் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் ஐந்து நிமிடம் பேசினால் நீங்கள் ஐந்து மாதம் பேசியதற்குச் சமம். எங்கள் அம்மாவும் தம்பியின் விஷயத்தில் அழுதுகொண்டுதான் இருந்தார். பருப்பை வேகவைத்துக் கடைந்து வடித்து, மணிக்கு மணி ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொடுக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தேன். அடுத்த நாளிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம் அம்மாமாருக்கு ஊட்டுவதுதான் அன்பு. ஊட்டாதே என்று சொன்னால் உடைந்துபோவார்கள். எதை ஊட்டுவது என்று சொன்னால் உறுதியாக நிற்பார்கள்.

கணவர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் தெரியாமல் நான் சொல்ல முடியாது. பேச வேண்டாம், வேலையைச் செய்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறட்டையைக் கவனிப்பது, கொழும்புக்குக் கூட வருவது, மருந்துத் துண்டுகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரு கோப்பில் வைப்பது. ஆண்கள் பலர் வேலை கொடுத்த பிறகுதான் விஷயத்துக்குள் வருகிறார்கள்.

அக்கம்பக்கம் இருக்கிறதே, அது வேறு. லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "வயித்தில ஒரு ஒபரேஷன், டொக்டர் அளவாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்ற ஒரே வசனத்தை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் இது காப்பாற்றும். பிறகு மெலியும்போது "என்னடி வத்திப்போயிட்ட, ஏதும் பெரிய வருத்தமா" என்று கேட்பார்கள். அதற்கும் அதே வசனம்.

இதையெல்லாம் தாண்டி, இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவராவது உங்களுக்கு வேண்டும். கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள், தாதியிடம் கேளுங்கள். தம்பி அப்படித்தான் கண்டியில் ஒருவர், வெள்ளவத்தையில் ஒருவர், பண்டாரவளையில் ஒரு அக்கா என்று ஐந்து பேரைப் பிடித்தான். வாட்ஸ்அப்பில் ஒரு குழு. இரண்டாம் வாரம் இரவு பதினொரு மணிக்கு "தண்ணி குடிச்சாலும் நெஞ்சு இறுக்குது, இது வழமையா?" என்று கேட்டவனுக்கு, பண்டாரவளை அக்கா "எனக்கும் இருந்தது, ஒரு மிடறு குடிச்சிட்டு ரெண்டு நிமிஷம் பொறுங்க தம்பி, காலைலயும் இருந்தா வார்டுக்கு எடுங்க" என்று குரல் அனுப்பினார். அக்காவான நான் பக்கத்து அறையில் இருந்தும், அந்தக் குரல்தான் அவனைத் தூங்கவைத்தது. தாதி சொல்வது வேறு, பட்டவர் சொல்வது வேறு.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம். மருந்தின் அளவை அங்கே கேட்காதீர்கள், அவர்கள் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. கிலோக் கணக்கையும் ஒப்பிடாதீர்கள். ஒருவர் முதல் மாதத்தில் 14 கிலோ இறங்கியிருப்பார், நீங்கள் 8 இறங்கியிருப்பீர்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை. ஸ்லீவில் ஒன்றரை வருடத்தில் மொத்த எடையில் கால் பங்கு அளவு குறைவது வழமை, உங்களுக்கு அது 28 கிலோ. எடை குறைக்கும் பவுடர், மூலிகைச் சாயம் விற்கிற யாராவது குழுவுக்குள் வந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள்.

வீடும் வழியும். வார்டில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான் வைப்பார்கள். அதன் பிறகு உடனே அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஐந்தாறு மணித்தியாலம் வளைவில் பயணம் செய்து வராதீர்கள். தையல் கசிவு போன்ற சிக்கல் முதல் ஒன்றிரண்டு வாரத்தில்தான் பெரும்பாலும் வரும். கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் தங்க முடிந்தால் தங்குங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, வட்டவளைப் பக்கம் பனிமூட்டம், மண்சரிவு. அந்தக் காலத்தில் திகதி வந்தால் இது இன்னும் முக்கியம். வரும்போது ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வாகனத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள், காலில் இரத்தம் உறையாமல் இருக்க.

வீட்டுக்கு வந்த பின் வயிற்றுவலி கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், இதயம் நிமிடத்துக்கு 120க்கு மேல் அடித்தால், மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், மலம் தார் போலக் கறுத்தால், தண்ணீரும் தங்காமல் வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்த நேரம் கடமையில் இருக்கும் டொக்டருக்கு இந்தச் சத்திரசிகிச்சை பழக்கமில்லாமல் இருக்கலாம். அதனால் வார்டை விட்டு வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்டின் பிரதியும் சர்ஜன் பிரிவின் நம்பரும் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும். வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் விட்டமின் பி1 குறைந்து மூளையைப் பாதிக்கும், அதையும் டொக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

நாலு முதல் ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, சின்னவனைத் தூக்குவது எல்லாம் இதில் சேரும். கழிப்பறை வெளியே படி இறங்கிப் போக வேண்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியை இப்போதே அடித்து வையுங்கள். பாடசாலைக்கு மூன்று நாலு வாரத்தில் போகலாம், மேசைக்கருகில் ஒரு உயரமான கதிரையோடு. மருத்துவ விடுமுறைக் கடிதத்தை வார்டை விட்டு வரும் முன்பே வாங்குங்கள்.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை என்றாலும் பிறகு செலவு உண்டு. விட்டமின் மாத்திரைகள், கல்சியம், இரும்பு, பி12 வாழ்நாள் முழுக்க. கல்சியமும் இரும்பும் இரண்டு மணித்தியால இடைவெளியில் எடுக்க வேண்டும். மாதாமாதம் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்க முடியுமா என்று கணவரோடு இருந்து கணக்குப் பாருங்கள். ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை பிள்ளை உண்டாகக்கூடாது. மெலியும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், கருத்தடை மாத்திரை பைபாஸுக்குப் பிறகு நம்பகமாக வேலை செய்யாமலும் போகலாம். வேறு முறையைக் கேட்டு வையுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும், திரும்ப முளைக்கும். தோல் தொங்கும், அது முழுதாகப் போகாது. தம்பி இப்போது 98 கிலோ. நடுவில் 93க்கு இறங்கி ஐந்து கிலோ ஏறியிருக்கிறான். இன்சுலின் ஊசி இல்லை. லொறியிலிருந்து பிடிக்காமல் குதித்து இறங்குகிறான், அதற்கு மட்டும் நான் ஏசுவேன்.

பைக்குள் கிளினிக் கொப்பி, ரிப்போட்டுகள், எல்லா மருந்துகளும், முன்பக்கம் திறக்கிற இரவுச் சட்டை, தளர்வான பாவாடை, வழுக்காத செருப்பு, கோடு போட்ட அதே தண்ணீர்ப் போத்தல். கொழும்பு வெக்கையாயிற்றே என்று கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுவிடாதீர்கள். கொழுப்புக் கரையக் கரையக் குளிர் எலும்பில் ஏறும், திரும்பி வரும் வழியில் கினிகத்தேனை தாண்டியதுமே தேடுவீர்கள். எச்பிஏ1சி எத்தனை என்பதையும் நெஞ்செரிச்சல் உண்டா என்பதையும் எழுதுங்கள், மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.